ஊர்க் கணக்கை நாட்டுக் கணக்கோடு ஒப்பிடும் முன்: யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்துக்கு வந்து சேரும் பிள்ளைகள் வருடா வருடம் குறைந்துகொண்டு வந்தார்கள். சனசமூக நிலையக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "ஊரில பிறக்கிறதை விடச் சாகிறது கூட. இலங்கையிலேயே எங்கட ஊர்தான் இப்பிடி" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது என்று முடிவாகி, "கணக்கை நீங்கள் எடுத்துப் போடுங்கோ" என்று வேலையை என்னிடம் தந்தார்கள்.

இரண்டு கிழமையில் முடியும் என்று நினைத்தேன். ஏழு மாதம் போனது. அதில் ஐந்து மாதம், கேட்கக்கூடாத இடத்தில் கேட்டும், எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டும் வீணானது. உங்கள் ஊருக்கோ பிரதேசத்துக்கோ இதே கணக்கை எடுக்க வேண்டி வந்தால் அந்த ஐந்து மாதத்தை நீங்கள் இழக்க வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஒரு கொப்பியும் பொறுமையும் இருந்தால் தொடங்கலாம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்கட ஊரில சனம் குறையுதா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு கந்தோருக்கும் போகாதீர்கள். அங்கே இருப்பவருக்கு எந்தப் பதிவேட்டை எடுப்பது என்றே தெரியாது. நான் முதலில் அப்படித்தான் போனேன். ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி, கடைசியில் "கடிதத்தில தாங்கோ" என்று சொல்லி விட்டார்கள். கடிதத்திலும் அதே கேள்வியைத்தான் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "இன்ன பிரிவில் வசிப்பவர்களுக்கு 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் பிறந்த உயிர்ப்பிறப்புகள் எத்தனை? அங்கே வசித்தவர்களில் இறந்தவர்கள் எத்தனை?" எந்த இடம், எந்த ஆண்டு, யாரைப் பற்றிய எண்ணிக்கை என்ற மூன்றும் அதில் வந்துவிட வேண்டும். "வசிப்பவர்களுக்கு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது நாலாம் படியில் வரும்.

நடப்பு ஆண்டைக் கேட்க வேண்டாம். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவதே வழமை. மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. ஆகவே டிசம்பரில் பிறந்த பிள்ளைகளின் பதிவு முடிய அடுத்த மார்ச் கடைசி ஆகும். போன ஆண்டின் கணக்கு வேண்டுமென்றால் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த பிறகு போங்கள்.

2. எல்லையைப் பிடியுங்கள்

ஊர் என்று நாம் சொல்வதற்கு அரசாங்கப் பதிவேட்டில் எல்லை கிடையாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கிராம அலுவலர் (ஜி.எஸ்.) பிரிவுக்கும் 'ஜே/' என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. உங்கள் ஊர் எந்தெந்த ஜே எண்களுக்குள் விழுகிறது என்பதை முதலில் விதானையாரிடம் கேட்டு எழுதுங்கள். ஒழுங்கை நடுவில் எல்லை ஓடும் இடங்களில், வீட்டின் முன்பக்கம் ஒரு பிரிவிலும் கிணற்றடி இன்னொரு பிரிவிலும் இருக்கும்.

இதில் பொறி என்னவென்றால், எல்லாக் கந்தோருக்கும் எல்லை ஒன்றல்ல. பிறப்பு இறப்புப் பதிவாளரின் பிரிவு வேறு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பிரிவு வேறு. யாழ். மாநகரசபை எல்லையை எடுத்தால், யாழ்ப்பாணப் பிரதேச செயலகப் பிரிவோடு நல்லூர்ப் பிரிவின் ஒரு பகுதியும் அதற்குள் வரும். பிறப்பை ஒரு கந்தோரில் எடுத்துக் குடித்தொகையை இன்னொரு கந்தோரில் எடுத்தால், இரண்டும் ஒரே நிலத்தைப் பற்றியவைதானா என்று ஜே எண் பட்டியலை வைத்துச் சரிபார்த்த பிறகே வகுக்கத் தொடங்குங்கள்.

ஒரு ஜி.எஸ். பிரிவுக்கு மட்டும் கணக்கு எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணிக்கை மிகச் சிறியது. முடிந்தால் பிரதேச செயலகப் பிரிவு முழுவதையும் எடுங்கள். ஊர்தான் வேண்டும் என்றால் குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்து எடுங்கள்.

3. கீழே போகும் எண்: குடித்தொகை

பருமட்டான பிறப்பு வீதம் என்பது ஓராண்டின் உயிர்ப்பிறப்புகளை அந்த ஆண்டின் நடுக் குடித்தொகையால் வகுத்து 1000-ஆல் பெருக்கி வருவது. இறப்பு வீதமும் அதே மாதிரித்தான். பின்னமாக எழுதினால் பிறப்பும் இறப்பும் மேலே, குடித்தொகை கீழே. நடுக் குடித்தொகை என்பது யூலை 1-ஆம் திகதி அங்கே வசித்தவர்களின் தொகை.

மேலே போகும் எண்ணைப் பற்றித்தான் எல்லாரும் யோசிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கீழே இருக்கும் எண்தான்.

வாக்காளர் இடாப்பைக் குடித்தொகையாக எடுக்காதீர்கள். அதில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இல்லை. வெளிநாடு போய்ப் பல காலமானவர்களின் பெயர் இருக்கக்கூடும். எங்கள் ஊர்ச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலும் வேண்டாம். பாதிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

தொகைமதிப்புக் கணக்கே அடித்தளம். அதிலும் எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1981-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் முழுமையான தொகைமதிப்பு நடந்தது 2012-இல்தான். 2001 தொகைமதிப்பு இங்கே முழுமையாக நடக்கவில்லை. ஆகவே இடைப்பட்ட 31 வருடங்களுக்கு இருப்பதெல்லாம் மதிப்பீடுகளே. 1995 இடப்பெயர்வையும் திரும்பி வந்ததையும் வெளிநாடு போனதையும் ஒரு மதிப்பீட்டுக்குள் சரியாக அடக்க முடியாது. அந்தக் காலத்து வீதம் எதையும் இன்றைய வீதத்தோடு ஒரே கோட்டில் போடாதீர்கள்.

இன்னொன்று: 1981 தொகைமதிப்பில் யாழ். மாவட்டத்துக்கு 8,30,552 பேர் என்று இருக்கும். 2012-இல் 5,83,882. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து "இவ்வளவு சனம் குறைந்துவிட்டது" என்று எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். 1981 எண்ணுக்குள் கிளிநொச்சியும் இருக்கிறது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984-இல். குறைந்தது உண்மை, ஆனால் அந்தளவுக்கு அல்ல.

2024 டிசம்பரை மையமாக வைத்து எடுத்த தொகைமதிப்பு இப்போது இருக்கிறது. நாடு முழுவதற்கும் வந்த தொகை சுமார் 2 கோடி 18 இலட்சம். அதற்கு முன் 2023-க்குப் போட்டிருந்த நடுஆண்டு மதிப்பீடு 2 கோடி 20 இலட்சம். மதிப்பீடு தொகைமதிப்பைக் கொஞ்சம் தாண்டிப் போயிருந்தது என்பதை இதில் காணலாம். நாடு முழுவதற்குமே இந்த இடைவெளி என்றால், ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு அது எவ்வளவோ கூட இருக்கலாம். தெல்லிப்பழைப் பக்கம் இராணுவத்திடம் இருந்து காணிகள் விடுபட்டு ஆட்கள் திரும்பிக் குடியேறிய ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே 2012 எண்ணை வைத்து 2019-இன் பிறப்பை வகுத்தால், பிள்ளைகள் திடீரெனக் கூடியது போலத் தெரியும்.

எங்கே எடுப்பது: மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாவட்டக் கிளை இருக்கிறது. மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலைக் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் புள்ளிவிபர உத்தியோகத்தர் இருப்பார். வயதுப் பிரிவு வாரியாகவும் அப்போதே எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்பதாம் படிக்கு அது வேண்டும். நான் அதை எடுக்காமல் வந்து இரண்டாம் முறை போனேன்.

4. மேலே போகும் எண்: பிறப்பு

பிறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடமே பதியப்படுகிறது. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பொறிகளில் இருந்து தப்பலாம். மானிப்பாயில் இருக்கும் தாய் யாழ். போதனா வைத்தியசாலையில் பிள்ளை பெற்றால், பதிவு யாழ்ப்பாணத்தில். கிளிநொச்சி, முல்லைத்தீவில் இருந்து அனுப்பி வைக்கப்படும் தாய்மாரின் பிள்ளைகளும் அங்கேதான். இதனால் பதிவான இடத்தை வைத்துக் கணக்கெடுத்தால் யாழ்ப்பாணப் பிரிவில் பிறப்பு வீதம் ஏறி நிற்கும், சுற்றுப் பிரிவுகளில் விழுந்து கிடக்கும். நெடுந்தீவை யோசியுங்கள். 2012-இல் அங்கே நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான சனம். தாய்மார் பெரும்பாலும் நாள் நெருங்க முன்பே குறிகட்டுவானில் இறங்கி வந்துவிடுவார்கள். பதிவைப் பார்த்தால் தீவில் பிள்ளையே பிறப்பதில்லை என்று தோன்றும்.

எங்கள் முதல் கணக்கு இங்கேதான் பிழைத்தது. எங்கள் பகுதிப் பதிவாளரிடம் பதிந்த பிறப்புகளை மட்டும் எண்ணி, "ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை" என்று கூட்டத்தில் வாசித்தேன். சிலர் அழுதே விட்டார்கள். அந்த எண் ஒன்றையும் காட்டவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் வைத்தியசாலையில் பிறந்து வேறு பிரிவில் பதியப்பட்டிருந்தார்கள்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது தாயின் வதிவிடப்படியான எண்ணிக்கை. அதற்கு இரண்டு வழி.

முதலாவது, பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் அட்டவணைகள். மாவட்ட மட்டத்துக்கு இது நல்லது. ஆனால் அட்டவணையின் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். "பதிவான மாவட்டம்" என்றும் "தாயின் வதிவிட மாவட்டம்" என்றும் இருவகை உண்டு. இரண்டையும் ஒரே எக்செல் தாளில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

இரண்டாவது, குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு. ஊர் மட்டத்துக்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை. மிட்வைஃப் அம்மா கர்ப்பிணியை வீட்டு வாசலில் வைத்தே பதிகிறார். பிள்ளை எந்த வைத்தியசாலையில் பிறந்தாலும் வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போகிறார். அவருடைய எண்ணிக்கை காலாண்டுக்கு ஒருமுறை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தொகுக்கப்பட்டு மேலே, கொழும்பில் உள்ள குடும்ப சுகாதாரப் பணியகம் வரை போகிறது. அவரை ஒழுங்கையில் மறித்துக் கேட்காதீர்கள். அவர் தரவும் முடியாது, தரவும் கூடாது. பணிமனைக்கு எழுதித் தொகுத்த எண்ணைக் கேளுங்கள்.

இந்தப் பதிவேட்டிலும் ஒரு சிறு கவனம் வேண்டும். எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவாள். கொடிகாமத்தில் வாழ்பவள் மூன்று மாதம் சுன்னாகத்தில் இருப்பாள். அவள் இரண்டு இடத்திலும் எண்ணப்பட்டாளா, ஓரிடத்திலா என்று பணிமனையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இறந்து பிறந்த சிசுக்கள் உயிர்ப்பிறப்புக்குள் வராதவை. அவற்றுக்குப் பதிவு தனி.

5. மேலே போகும் எண்: இறப்பு

இதை நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஊர்ச் சங்கங்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான்.

எங்களிடம் முன்பே ஒரு பட்டியல் இருந்தது. சங்கச் செயலாளர் பத்து வருடமாகப் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். மிக நேர்த்தியான வேலை. நான் அதையே இறப்பு எண்ணிக்கையாக எடுத்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாக வாசித்தேன்: "... ஐப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட ..." பாதிக்கு மேல் இப்படி. கனடாவில் வாழ்ந்து அங்கேயே இறந்தவர் ஊருக்கு உறவுதான், துக்கமும் எங்களுடையதுதான். ஆனால் குடித்தொகைக்குள் அவர் இல்லை. கீழே எண்ணப்படாத ஒருவரை மேலே எண்ணினால் வீதம் பொய்யாகும். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்தால் இந்தக் கட்டுரையின் மீதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்: மேலே வரும் ஒவ்வொருவரும் கீழேயும் எண்ணப்பட்டிருக்க வேண்டியவர்.

வதிவிடம் ஊராக இருந்து, பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில் இறந்தவர் இதற்கு எதிர்ப்பக்கம். அவர் உங்கள் கணக்குக்குரியவர்.

பதிவைப் பொறுத்தவரை இறப்புக்கும் பிறப்பின் கதைதான். வீட்டில் நடந்த இயற்கைச் சாவு என்றால் விதானையார் பி24 படிவம் தருவார், பதிவு உங்கள் பகுதியில். வைத்தியசாலையில் என்றால் பி33 படிவம், பதிவு வைத்தியசாலை இருக்கும் பிரிவில். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதால், வடக்கின் பல இடங்களில் இருந்தும் வந்து அங்கே கண் மூடியவர்களின் பதிவு தெல்லிப்பழையில் நிற்கும். அந்த எண்ணை எடுத்து "தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சாவு கூட" என்று எழுதுவது அவ்வூர் மக்களுக்கு வீண் பயம் கொடுப்பது. வைத்தியசாலை மரண எண்ணிக்கையையும் ஊர் மரண எண்ணிக்கையையும் ஒருபோதும் ஒன்றாக எடுக்காதீர்கள். சுகாதார அமைச்சின் வருடாந்த அறிக்கையில் மாவட்ட வாரியாக வரும் 'வைத்தியசாலை மரணங்களுக்கான முக்கிய காரணங்கள்' அட்டவணைக்கும் இது பொருந்தும். வீட்டில் இறந்தவர்கள் அதில் இல்லை.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு பொறி உண்டு. யுத்த காலத்தில் காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. அதனால் 2012-இலோ 2014-இலோ பதியப்பட்ட ஒரு மரணம், பல வருடங்களுக்கு முன் காணாமற்போன ஒருவருடையதாக இருக்கலாம். பதிவான ஆண்டை வைத்து எண்ணாமல் இறந்த ஆண்டை வைத்து எண்ணிய அட்டவணையைக் கேளுங்கள். இதைப் பற்றி வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டாம். பல குடும்பங்கள் அந்தப் பத்திரத்தை வேண்டாம் என்று மறுத்து இன்றும் காத்திருக்கின்றன.

6. கடிதம், பத்திரம், செலவு, காலம்

முதலில் சாதாரணக் கடிதம் கொடுங்கள். சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில், தலைவர் செயலாளர் ஒப்பத்துடன், அடையாள அட்டைப் பிரதி இணைத்து. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த முத்திரை இல்லாமல்தான் என்னுடைய முதல் கடிதம் இரண்டு மாதம் காணாமற்போனது. எந்தக் கந்தோர் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே வேலை செய்பவர்களுக்கும் மேசை நிறைய வேலை.

மூன்று கிழமையில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். இது 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை அவகாசம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் தங்கள் பெயரில் போடாதீர்கள், ஊரில் இருப்பவர் பெயரில் போடுங்கள். சங்கமாகப் போடுவதென்றால் அங்கத்தவரில் முக்கால்வாசியாவது பிரசைகளாக இருக்க வேண்டும்.

இருக்கிற தகவலைத்தான் தருவார்கள். உங்களுக்காகப் புதிதாகக் கூட்டிக் கழித்துத் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஆகவே "வீதத்தைக் கணித்துத் தாருங்கள்" என்று எழுதாமல், "காலாண்டு அறிக்கைகளில் உள்ள உயிர்ப்பிறப்பு எண்ணிக்கை" என்று, ஏற்கெனவே கைவசம் இருக்கும் தாளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர், முகவரி, மரண காரணம் கொண்ட தனியாள் விபரம் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் மறுப்பார்கள், அந்த மறுப்பும் நியாயமானது.

செலவு பெரிதல்ல. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது போட்ட விதிப்படி ஏ4 போட்டோக்கொப்பி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, மின்னஞ்சலில் அனுப்பினால் கட்டணம் இல்லை. அதனால் விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயம் எழுதுங்கள். எனக்கு ஆன செலவில் பெரும்பகுதி பஸ் காசும் பதிவுத் தபாலும்தான். பதிவுத் தபால் துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். 14 நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட அது ஒன்றே உங்கள் கையில் இருக்கும்.

எல்லாக் கந்தோருக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒன்றின் பதில் வந்தபின் அடுத்தது என்று நான் இருந்ததில் மூன்று மாதம் போனது.

7. நாட்டுக் கணக்கு

இது சுலபம். பதிவாளர் நாயகம் திணைக்களமும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் இணையத்தில் போடுகின்றன. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். 2019-இல் நாட்டில் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள். ஆயிரத்துக்கு 14.6. 2023-இல் சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரம். ஆயிரத்துக்கு 11.2. நாலே வருடத்தில் இந்த வீழ்ச்சி. உங்கள் ஊரின் 2023 எண்ணைப் பழைய பாடப்புத்தகத்தில் கிடந்த தேசிய வீதத்தோடு ஒப்பிட்டால், நாடு முழுவதும் நடந்த ஒன்றை உங்கள் ஊரின் தனிக்குறையாக எழுதிவிடுவீர்கள். எங்கள் கூட்டத்தில் எழும்பிச் சொன்னவர் இதில்தான் பிழைத்தார். முதலாம் தரத்தில் பிள்ளை குறைவது தெற்கிலும் நடக்கிறது.

இறப்பில் 2019-இல் ஆயிரத்துக்கு 6.7, 2023-இல் 8.2. நடுவில் 2020-இல் இறப்பு குறைந்து, கொரோனா பரவிய 2021-இல் கூடியது. ஆகவே 2020, 2021 இரண்டையும் தனியாக எடுத்து ஒப்பிட வேண்டாம்.

"தற்காலிகமானது" என்று குறியிட்ட எண்களை அதே குறியோடு எழுதி வையுங்கள், பிறகு மாறும். குடிசன சுகாதார ஆய்வு முடிவுகளை எடுத்தால் ஆண்டைப் பாருங்கள்: 2006-07 ஆய்வில் வடமாகாணம் சேர்க்கப்படவே இல்லை. 25 மாவட்டங்களும் அடங்கியது 2016 ஆய்வு. எங்களை எண்ணாத ஒரு சராசரியோடு எங்களை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

8. கணக்கும் சிறு எண்ணின் ஆட்டமும்

விளங்குவதற்காக ஒரு கற்பனை ஊர். சனம் 6,000. ஓராண்டில் பிறப்பு 54. வீதம் ஆயிரத்துக்கு 9. நாட்டில் 11.2. "எங்கள் ஊரில் குறைவு" என்று எழுதலாமா?

எழுத முன் 54-இன் வர்க்கமூலத்தை எடுங்கள், ஏறத்தாழ 7.3. அதை இரண்டால் பெருக்குங்கள், 15. தற்செயலாகவே 54 என்பது 39-இல் இருந்து 69 வரை எங்கும் விழுந்திருக்கலாம் என்று பொருள். வீதமாக்கினால் 6.5 முதல் 11.5 வரை. 11.2 அதற்குள் இருக்கிறது. ஆகவே ஒன்றும் சொல்ல முடியாது.

இப்போது மூன்று ஆண்டைச் சேருங்கள்: 54, 58, 53. மொத்தம் 165. கீழே 18,000. வீதம் 9.2. வர்க்கமூலம் 12.8, இரு மடங்கு 26. எல்லை 139 முதல் 191 வரை, அதாவது 7.7 முதல் 10.6 வரை. 2021 முதல் 2023 வரையான நாட்டு வீதத்தைச் சேர்த்துப் பார்த்தால் 12-ஐ ஒட்டி வரும். அது எல்லைக்கு வெளியே. இப்போது எழுதலாம்.

சிசு மரண வீதத்தையும் தாய் மரண விகிதத்தையும் ஊர் மட்டத்தில் கணிக்கவே கணிக்காதீர்கள். தாய் மரணம் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு என்று கணிக்கப்படுவது. 54 பிறப்புள்ள ஊரில் ஒரு தாய் இறந்தால் அந்த விகிதம் 1,800-ஐத் தாண்டும். அது ஒரு வீட்டின் துயரம், அதை வைத்து ஊரை அளக்க முடியாது. வாசிப்பவர்கள் எல்லாருக்கும் அந்த வீடு எது என்றும் தெரிந்துவிடும்.

9. வயதைச் சரிசெய்யாமல் இறப்பை ஒப்பிடாதீர்கள்

இளம் ஆட்கள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய், தாய் தகப்பன் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கும் ஊர்களில் இறப்பு வீதம் கூடத்தான் இருக்கும். அதற்கு நோயும் தண்ணீரும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, வயதே போதும்.

அதே கற்பனை ஊரை எடுப்போம். 15 வயதுக்குக் கீழ் 1,200 பேர், 15 முதல் 59 வரை 3,300 பேர், 60-உம் மேலும் 1,500 பேர். இறப்பு 69. வீதம் ஆயிரத்துக்கு 11.5. நாட்டில் 8.2. பார்த்தவுடன் நெஞ்சு திக்கென்று இருக்கும்.

இப்போது நாட்டின் வயதுவாரி இறப்பு வீதம் முறையே 1, 3, 40 என்று பயிற்சிக்காக வைத்துக்கொள்வோம். உண்மை எண்களைத் திணைக்கள அட்டவணையில் இருந்து எடுத்துப் போடுங்கள். இந்த வீதம் எங்கள் ஊரிலும் இருந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? 1,200-க்கு 1.2. 3,300-க்கு 9.9. 1,500-க்கு 60. கூட்டினால் 71. இறந்தவர்கள் 69. நாட்டுக்கும் ஊருக்கும் வித்தியாசமே இல்லை. 11.5 என்று மட்டும் எழுதி விண்ணப்பம் அனுப்பியிருந்தால், இல்லாத ஒரு நோயைத் தேட ஆள் வந்திருப்பார்கள். முதியவர்களுக்கு வேண்டிய கிளினிக்கும் போக்குவரத்தும் கேட்க வேண்டிய இடத்தில் வேறெதையோ கேட்டிருப்போம்.

இதே காரணத்தால் பிறப்பிலும், முடிந்தால் 15 முதல் 49 வயதுப் பெண்களின் தொகையால் வகுத்து இன்னொரு வீதம் எடுங்கள். பெண்கள் ஊரில் குறைவா, அல்லது இருப்பவர்கள் பிள்ளை பெறுவது குறைவா என்பது அதில்தான் பிரியும். இரண்டுக்கும் கேட்க வேண்டிய உதவி வேறு வேறு.

10. எழுதிக் கொடுக்கும்போது

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நான்கு விபரம் போடுங்கள்: எந்தக் கந்தோர், எந்த ஆண்டு, எந்த ஜே எண்கள், பதிவான இடப்படியா வதிவிடப்படியா. ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கை வரும் கட்டத்தில் எண்ணை எழுதாமல் "5-க்குக் குறைவு" என்று மட்டும் போடுங்கள். தந்த உத்தியோகத்தரிடம் ஒரு பிரதியைக் காட்டி, சொன்னது சரிதானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எங்கள் தாளில் ஒரு ஜே எண் பிழைத்திருந்ததைக் கண்டு திருத்தித் தந்தவர் பணிமனையில் இருந்த அம்மாதான்.

எங்கள் விண்ணப்பம் கடைசியில் இரண்டு பக்கம் வந்தது. பிறப்பு நாட்டு வீதத்தை விடக் குறைவு, இறப்பு வயதைச் சரிசெய்த பிறகு நாட்டோடு ஒத்தது என்று எழுதினோம். கிழமைக்கு ஒருநாள் நடமாடும் கிளினிக்கும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு முதலாம் தரத்தைச் சேர்த்து நடத்த அனுமதியும் கேட்டிருக்கிறோம். கொடுத்த பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.